அடிவரி

போன மாசம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய நோட்டீஸின் படம் வந்தது. எங்க ஊர் நோட்டீஸ். மேலே பெரிய எழுத்தில் "வீதி நாடகம்". அதற்குக் கீழே பறையடிக்கிற ஒருவரின் படம், மரத்தில் செதுக்கி எடுத்த பிளாக் மாதிரி. அப்புறம் "இன்று மாலை 6 மணிக்கு, தேரடி வீதியில், அனைவரும் வருக". பச்சைத் தாள், கருப்பு மை. அனுப்பியவர் "அரிய பொக்கிஷம், திருவண்ணாமலை" என்று மட்டும் எழுதியிருந்தார். கும்பிடுகளும் இதயங்களும் வரிசையாக விழுந்தன. ஒருவர் மட்டும் கேட்டார்: "இது எந்த வருஷம்? எந்த பிரஸ்ல அடிச்சது?"

யாரும் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. "இன்று" என்றால் எந்த இன்று? அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டிய அடிப்பகுதி படத்தில் இல்லை. யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டியவன் நான்தான்.

பழைய நோட்டீஸ், போஸ்டர், போட்டோ சேர்க்கிற பழக்கம் இப்போது தமிழில் நன்றாகப் பரவியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் எதைச் சேர்க்கிறோம், எப்படிச் சேர்க்கிறோம் என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. விமர்சனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவரைத் திட்டுவதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

183 தாள்கள்

2013-ல் எனக்கு ஒரு பெரியவர் அறிமுகமானார். பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. முப்பது வருஷத்துக்கு மேல் கம்பாசிட்டர். ஈய எழுத்தைக் கேஸிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கிற வேலை. ஊரில் இருந்த பல அச்சகங்களில் மாறி மாறி வேலை பார்த்திருக்கிறார். பகலில் கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோவில் உற்சவ நோட்டீஸ். ராத்திரி, தெரிந்த தோழர்களுக்காக அரைக்கூலிக்குக் கூட்ட நோட்டீஸ்.

"மனசுக்குப் புடிச்ச வேலையா இருந்தா ஒரு காப்பி எடுத்து வச்சுக்குவேன் தம்பி. மொதலாளிக்குத் தெரியாது" என்றார். அந்தக் காப்பிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மொத்தம் 183.

பெட்டியில் என்னவெல்லாம் இருந்தது? தமுஎச-வின் கலை இலக்கிய இரவுக்கான நோட்டீஸ்கள். விவசாயத் தொழிலாளர் கூலி உயர்வுக் கூட்டங்களின் பிட் நோட்டீஸ்கள். பகுத்தறிவுக் கூட்டங்கள். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், "தலைமை", "முன்னிலை", "வாழ்த்துரை" என்று பொதுக்கூட்ட நோட்டீஸ் போலவே அச்சடித்த சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்கள். ரெண்டு மூணு இதழோடு நின்றுபோன சிறுபத்திரிகைகளின் சந்தா அறிவிப்புகள். நாடகக் குழுவின் கருப்பு வெள்ளைப் போட்டோ ஒன்பது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஸ்கேன் செய்தேன். நான் சாப்ட்வேர்காரன். 183 படத்தையும் கையால் நேராக்கி ஓரம் வெட்ட எனக்குப் பொறுமை கிடையாது. பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தாளில் எழுத்து எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அந்தக் கட்டத்தைக் கண்டுபிடி, கோணலை நிமிர்த்து, மீதியை வெட்டு. அவ்வளவுதான். பத்துப் படத்தைத் திறந்து பார்த்தேன். பளிச்சென்று இருந்தன. மூல ஸ்கேன்கள் ஒவ்வொன்றும் பெரிய ஃபைல். டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று அழித்துவிட்டேன். தாள்களை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

நோட்டீஸின் கடைசியில் ஒரு கோடு போட்டு, கொஞ்சம் இடம் விட்டு, பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும் இல்லையா? அந்த இடைவெளியைப் பார்த்து, விஷயம் முடிந்துவிட்டது என்று என் ஸ்கிரிப்ட் முடிவு செய்துவிட்டது. பொடி எழுத்தை அழுக்கு என்று நினைத்து வெட்டிவிட்டது. 172 படங்களில் அடிவரி இல்லை. மிச்சம் 11 தாள் ஸ்கேன் பண்ணும்போது கோணலாக வைத்தவை. ஸ்கிரிப்ட் குழம்பிப்போய் வெட்டாமல் விட்டதால் அந்த 11 தப்பித்தன.

இதை நான் கவனித்தது 2021-ல். அவசரமாக அந்தச் சந்துக்குப் போனேன். பெரியவர் 2019-லேயே தவறிவிட்டார். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது தகரப் பெட்டியில் இருந்ததையெல்லாம் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார்கள். "நீங்கதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களே அண்ணா" என்றார் அவர் மகள். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. ஸ்கேன் செய்தாகிவிட்டது, இனி தாள் வேண்டாம் என்ற நம்பிக்கையை அந்த வீட்டில் உண்டாக்கியவன் நான்.

அந்த ஒரு வரியில் என்ன இருக்கு?

நோட்டீஸ், போஸ்டர் மாதிரியானவை தங்கள் வயதைச் சொல்லாது. புத்தகத்தில் பதிப்பாண்டு இருக்கும். பத்திரிகையில் தேதி இருக்கும். நோட்டீஸோ "இன்று மாலை" என்னும், "வருகிற ஞாயிறு" என்னும். கையில் வாங்குகிறவனுக்கு அது என்றைக்கென்று தெரியும். நாளை மறுநாள் அதில் பஜ்ஜி மடிப்பார்கள் என்பதும் அடித்தவருக்குத் தெரியும். நாற்பது வருஷம் கழித்து ஒருவன் பூதக்கண்ணாடியோடு வருவான் என்று யாரும் நினைக்கவில்லை.

அடிவரி மட்டும் வேறொரு ஆளுக்காகப் போடப்பட்டது: போலீசுக்காக. 1867-ஆம் வருஷத்து அச்சகங்கள் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டத்தின் 3-வது பிரிவு, இந்தியாவில் அச்சாகும் எந்தப் புத்தகத்திலும் தாளிலும் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம், வெளியிட்டிருந்தால் வெளியிட்டவர் பெயர், இடம் இதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும் என்றது. 1857-க்குப் பத்து வருஷத்துக்குள் வந்த சட்டம். எதற்காக வந்திருக்கும் என்று யூகிப்பது கஷ்டமில்லை. தேர்தல் நோட்டீஸ், போஸ்டருக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு இதையே தனியாகக் கேட்கிறது.

பெரியவர் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "அடியில பேரு போடலன்னா, போலீஸ்காரன் மொதல்ல பிரஸ்காரனத்தான் தேடுவான்." பேர் போடாமல் அடித்த நோட்டீஸும் உண்டாம். அந்தக் காப்பிகளை அவர் வைத்துக்கொள்ளவில்லை. பயம்தான். அதாவது அந்தத் தகரப் பெட்டியும் முழுசு கிடையாது. அதில் இல்லாதது எது என்பதையும் அந்த ஒரு வரிதான் முடிவு செய்திருக்கிறது.

ஆக, கண்காணிப்பதற்காகக் கட்டாயப்படுத்திய ஒரு வரி, இன்றைக்கு வரலாறு தேடுகிறவனுக்குக் கிடைக்கிற நம்பகமான துப்பு. அதை எப்படிப் படிப்பது? எங்க ஊருக்கு நான் கையாலே போட்டு வைத்திருக்கிற கணக்கு இது.

முதலாவது, மாவட்டம். "வ.ஆ. மாவட்டம்" என்று இருந்தால், வட ஆற்காடு. 1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காடு பிரிந்தது. "திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்" என்றிருந்தால் அதற்குப் பின்னால். 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர், மன்னர் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. ஆகவே சம்புவராயர் இருந்தால் இடைப்பட்ட எட்டு வருஷம்.

இரண்டாவது, அஞ்சல் குறியீட்டு எண். இந்தியாவில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. 606 601 என்று போட்டிருந்தால் அதற்கு முந்தியது இல்லை.

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பிடித்தது: ஊரின் பெயரே. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய "லை"யில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு எழுத்தோடு ஒட்டி இருக்கும். பழைய "ணா"வுக்குத் தனித் துணைக்கால் கிடையாது, எழுத்தோடேயே சுழித்துவிடும். இப்போது "திருவண்ணாமலை" என்று எழுதிப் பாருங்கள். ஒரே பெயரில் அந்த ரெண்டு எழுத்தும் இருக்கிறது! தமிழ்நாட்டில் தன் பெயரின் வடிவத்திலேயே காலத்தைக் காட்டுகிற ஊர்களில் எங்க ஊரும் ஒன்று.

ஆனால் இதில் அவசரப்படக் கூடாது. அரசாணை வந்த மறுநாளே யாரும் ஈய எழுத்தை உருக்கிப் புதிதாக வார்க்கவில்லை. காசு வேண்டுமே. பழைய டைப் தேயும்வரை பல வருஷம் ஓடியது. பெரிய தலைப்புக்கு வாங்கிய புது எழுத்தில் புது "லை", உள்ளே பொடி எழுத்தில் பழைய "லை" என்று ஒரே தாளில் ரெண்டும் இருக்கும். ஆகவே பழைய எழுத்து இருப்பதால் 1978-க்கு முந்தியது என்று சொல்ல முடியாது. புது எழுத்து இருந்தால் பிந்தியது என்று ஓரளவு சொல்லலாம். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. பெரியார் 1935-லேயே "குடி அரசு"வில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார். 1978-க்கு முந்தையது என்று வேறு வழியில் உறுதியான ஒரு தாளில் புது "லை" இருந்தால், அந்த எழுத்தே ஒரு கட்சி. கோத்த கையோ, எழுத்து வாங்கிய அச்சகமோ, அடிக்கச் சொன்னவரோ, யாரோ ஒருவர் அந்தப் பக்கம்.

இதில் எங்க தொழிலின் தப்பும் ஒன்று இருக்கிறது. அந்த நோட்டீஸைத் தட்டச்சு செய்து "டிஜிட்டல் ஆக்கிவிட்டோம்" என்று வைத்தால் இந்தத் துப்பு செத்துவிடும். யூனிகோடுக்குப் பழைய லை-யும் புது லை-யும் ஒன்றுதான். குறியீட்டில் வித்தியாசமே இல்லை. எழுத்துணரி மென்பொருளும் ரெண்டையும் ஒன்றாக்கித்தான் தரும். தேடுவதற்கு அது வசதி. சாட்சியாக வைத்துக்கொள்ள அது போதாது.

இனி அந்த வீதி நாடக நோட்டீஸுக்கு வருவோம். தலைப்பில் புது எழுத்து, உள்ளே பழைய எழுத்து. அதனால் பெரும்பாலும் 1978-க்குப் பின். ட்ரெடில் மெஷினில் அடித்த அழுத்தம் தெரிகிறது. ஆஃப்செட் எல்லா இடத்துக்கும் வருவதற்கு முன். இவ்வளவுதான் என்னால் முடிகிறது. பத்துப் பதினைந்து வருஷ அகலம். அச்சகத்தின் பெயர் இருந்திருந்தால்? அந்தக் குடும்பத்தைத் தேடிப் போயிருக்கலாம். வேலை வாங்கிய பேரேடு பரணில் இருந்தால் தேதியே கிடைத்திருக்கும். தேதி கிடைத்தால் நாடகம் எதைப் பற்றி, அந்த மாசம் ஊரில் என்ன நடந்தது, யார் நடித்தார்கள், யாரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்திருக்கும். இப்போது அது ஒரு அழகான பச்சைத் தாள். அவ்வளவுதான்.

முகத்தைச் சேர்ப்பவர்கள்

நம்மூரில் எதிர்க்கலாச்சாரம் என்று சொன்னால் உடனே ஹிப்பி போட்டோ இருக்கிறதா என்று கேட்கிறார்கள். "திருவண்ணாமலைக்கு எவ்ளோ வெள்ளைக்காரங்க வந்திருப்பாங்க, அந்தக் கால போட்டோ உங்ககிட்ட இருக்குமே?" வந்தார்கள்தான். அமெரிக்க பீட் தலைமுறைக் கவிஞர் கேரி ஸ்னைடரும் ஜோன் கைகரும் 1962-ல் இந்தியா சுற்றும்போது ரமணாசிரமத்துக்கும் வந்தார்கள். ரெண்டு பேருமே பயணக் குறிப்பு எழுதினார்கள், அது புத்தகமாகவும் இருக்கிறது. அவர்கள் வரலாறு பத்திரமாக இருக்கிறது. நான் கவலைப்பட வேண்டியதில்லை.

அதே செங்கம் ரோட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ரமணரின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கப் போன அந்த மார்பளவுப் படத்தை எடுத்தவர் பெங்களூர் வெல்லிங், வருஷம் 1946. சென்னை டாக்டர் டி.என். கிருஷ்ணசுவாமி எடுத்த படங்கள் தனியாகத் தெரியும். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தபோது பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் இந்த ஊரில் இருந்தார். அந்த நாட்களின் படங்கள் அவர் பெயரிலேயே இருக்கின்றன. ஒரு கௌபீனத்தோடு மலையில் உட்கார்ந்திருந்தவரின் படங்களுக்கு, எடுத்தவர் யார், எப்போது என்று சொல்ல முடிகிறது. ஏன்? ஒரு அமைப்பு தொடர்ந்து அக்கறை எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் தேரடி வீதியில் மைக் பிடித்தவர்களின் படத்துக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. பக்தர்கள் தங்கள் தாளைக் காப்பாற்றிய அளவுக்குக் கூட, பகுத்தறிவுவாதிகளும் இடதுசாரிகளும் தங்கள் தாளைக் காப்பாற்றவில்லை என்று சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அமெரிக்காவைப் பார்த்தால் நிலைமை வேறு. 1966-லிருந்து சான் பிரான்சிஸ்கோவில் ஃபேமிலி டாக் குழுவும் பில் கிரகாமும் நடத்திய ராக் இசை நிகழ்ச்சிகளுக்குப் போட்ட போஸ்டர்கள் இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. வெஸ் வில்சன், விக்டர் மொஸ்கோசோ மாதிரி ஓவியர்கள் வரைந்தவை. எழுத்து நெருப்பு மாதிரி வளைந்து நெளியும், படிக்கவே முடியாது. ஆனால் ஓரத்தில் வரிசை எண் இருக்கும். இன்றைக்கு வாங்குகிறவன் முதல் அச்சா, மறு அச்சா என்று பார்ப்பது ஓரத்துப் பொடி எழுத்தை வைத்துத்தான். அங்கே அந்தப் பொடி எழுத்துதான் விலை. ஆகவே யாரும் அதை வெட்ட மாட்டார்கள். சந்தை காப்பாற்றியது என்று சொல்லலாம்.

அதே ஊரில் விற்பனைக்கே வராத தாள்களும் இருந்தன. 1967-ல் டிக்கர்ஸ் கூட்டத்தோடு சேர்ந்து கம்யூனிகேஷன் கம்பெனி என்ற சிறு குழு, கெஸ்டெட்னர் இயந்திரத்தில் தெரு நோட்டீஸ் உருட்டி இலவசமாக விநியோகித்தது. நம்மூர் சைக்ளோஸ்டைல் நோட்டீஸுக்கு அண்ணன் தம்பி. கோவையில் 1971-ல் தொடங்கிய "வானம்பாடி" தன்னை விலையிலாக் கவிமடல் என்று சொல்லிக்கொண்டது ஞாபகம் வருகிறது. கிட்டத்தட்ட ஒரே காலம், ரெண்டு கண்டம், காசு வாங்காத காகிதம்.

நம்மிடம் சந்தையும் இல்லை, அமைப்பும் இல்லை. இருப்பது லைக். லைக் முகத்துக்குத்தான் விழும். பறையடிக்கிற படம், கட்டை எழுத்து, பழுப்பேறிய தாள். ஃபேஸ்புக்கில் போடுகிறவர் அழகுக்காக இன்னும் கொஞ்சம் வெட்டுவார். அடுத்தவர் ஓரத்தில் தன் பெயரை நீர்க்குறியாகப் போடுவார். அச்சடித்தவன் பெயர் போய், ஃபார்வர்டு பண்ணினவன் பெயர் ஏறுகிறது. இதைத்தான் நாம் ஆவணப்படுத்தல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

காப்பாற்றியவர்கள் யார்?

சுதந்திரத்துக்கு முந்தைய எதிர்ப்புத் தாள்களை அதிகம் காப்பாற்றியது யார் தெரியுமா? பிரிட்டிஷ் அரசு. தடை செய்து, பறிமுதல் செய்து, ஒரு பிரதியைக் கோப்பில் வைத்தது. அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. ஜெரால்டு பேரியர் 1974-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1985-ல் கிரகாம் ஷாவும் மேரி லாயிடும் தடை செய்யப்பட்ட வெளியீடுகளுக்கு அட்டவணை போட்டார்கள். அழிக்க நினைத்தவன் எண் போட்டு வைத்தான். ஆதரித்தவன் பஜ்ஜி மடித்தான்.

இன்னொரு பக்கம், தனி ஆட்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகத்தோடு நிற்காமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, இங்கேயே, சென்னையிலேயே, நூலகமாக்க வழிசெய்தது. தாளின் ஓரத்தில் எழுத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரிந்த ஒரு கைவினைஞர் அதைச் சேர்த்தார் என்பது தற்செயல் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முச்சந்தியில் காலணாவுக்கு விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி "முச்சந்தி இலக்கியம்" (2004) எழுதினார். படித்தவர்கள் குப்பை என்று ஒதுக்கிய அச்சை எப்படிப் படிப்பது என்பதற்குத் தமிழில் அது நல்ல உதாரணம். அதைப் படித்த பிறகுதான், ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, யார் அடித்தார், எங்கே விற்றார், என்ன விலை என்பதும் சேர்ந்ததுதான் தாள் என்று எனக்கு உறைத்தது. ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

ஈழத்தமிழரின் நூலகம் திட்டத்தையும் சொல்ல வேண்டும். 2005-ல் தொடங்கியது. 1981-ல் யாழ் நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது. எரிந்தவை 97,000 அளவுக்கு என்பார்கள். ஒருவர் இறந்தால் 31-ஆம் நாள் வெளியிடுகிற நினைவு மலரை, அவர்கள் "கல்வெட்டு" என்பார்கள், அதைக்கூட மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறார்கள். இழந்தவனுக்குத்தான் எது ஆவணம் என்பது தெரிகிறது.

எதிர்க்கேள்விகள்

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது ரெண்டு விஷயம் கேட்டார். ரெண்டும் நியாயமான கேள்வி.

ஒன்று: "ஒரு படம் அழகா இருக்கு, பகிர்றாங்க. அதுல என்ன தப்பு? அதுவும் இல்லன்னா அந்த நோட்டீஸை யாரு பார்க்கப் போறா?" உண்மைதான். அழகு தப்பே இல்லை. அந்தப் பெரியவர் காப்பி எடுத்து வைத்ததும் "மனசுக்குப் புடிச்ச" வேலையைத்தான். பறையடிக்கிறவரின் படத்தை நானும் ரசிக்கிறேன். முழுத் தாளையும் பகிர்ந்தால் அழகு குறையப் போவதில்லை என்பதுதான் என் வாதம்.

ரெண்டு: "பேரைக் காப்பாத்தி என்ன பண்ணப்போற? அந்தப் பேரே சில பேருக்கு ஆபத்தா இருந்திருக்குமே." இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உயிரோடு இருப்பவர்களின் பெயர் வருகிற சில தாள்களை நான் பொதுவில் போடுவதில்லை. ஆனால் மறைத்து வைப்பது வேறு, வெட்டி எறிவது வேறு. மறைத்ததை நாளைக்குத் திறக்கலாம்.

இது வெறும் ஆராய்ச்சிக்காரன் ஆசையும் இல்லை. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆனது 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தால்தான். அதற்கு முன், 1953-ல், சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் தான் மனைவிதான் என்றும், பிள்ளைகள் தங்களுக்குச் சொத்தில் பங்குண்டு என்றும் காட்ட வேண்டிய நிலையில், கையில் இருந்த ஒரே காகிதம் அந்த அழைப்பிதழாக இருந்திருக்கலாம். தேதி, இடம், தலைமை தாங்கியவர், அடித்த அச்சகம். என் தொகுப்பில் அப்படி 14 அழைப்பிதழ். பதினாலிலும் "இனிது அச்சகம்" மாதிரி ஒரு பெயர் இருந்திருக்கும். ஒன்றில்கூட இப்போது இல்லை.

இப்போது என்ன செய்கிறேன்

தப்பித்த 11 தாளில் ஆறு அச்சகங்களின் பெயர் கிடைத்தது. நாலு இப்போது இல்லை. ஒன்று ஃப்ளெக்ஸ் கடையாகிவிட்டது. ஒன்று மட்டும் பில் புக் அடித்துக்கொண்டு இன்னும் ஓடுகிறது. அங்கே போய் 172 படத்தையும் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரெண்டு தாளை எடுத்து, "இது எங்க எழுத்து. இந்த 'கூ'வுல கால் ஒடைஞ்சிருக்கு பாருங்க, அப்பா மாத்தவே இல்ல" என்றார். பெயரை நான் வெட்டிவிட்டேன். உடைந்த எழுத்து காட்டிக்கொடுத்தது. அப்படி இதுவரைக்கும் 9 தாளுக்கு அச்சகம் தெரிந்திருக்கிறது. பாக்கி 163.

ஸ்கிரிப்டையும் மாற்றிவிட்டேன். இப்போது அது எதையும் வெட்டாது, கோணலைக்கூட நிமிர்த்தாது. தாளைச் சுற்றி மேஜை தெரிகிற மாதிரி எடுக்கிறேன், பின்பக்கத்தையும் எடுக்கிறேன். பின்னால் யாரோ பால் கணக்குப் போட்டிருப்பார்கள், அதிலும் தேதி இருக்கும். யார் வீட்டில், எந்தப் பெட்டியில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று ஒரு வரி எழுதிவைக்கிறேன். மூல ஃபைலை அழிப்பதில்லை. டிஸ்க் இப்போது மலிவு.

1867 சட்டம் போய்விட்டது. அதன் இடத்தில் 2023-ல் வந்த சட்டம் பருவ இதழ்களை மட்டும்தான் பார்க்கிறது. தேர்தலை விட்டால், நாளைக்கு ஒரு கூட்ட நோட்டீஸில் அடிவரி போட வேண்டும் என்று கேட்க ஆள் இருக்குமா தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் வருகிற அழைப்பிதழுக்கு அச்சகமே கிடையாது. போலீசுக்காகப் போட்ட வரி நின்றுபோனால், இனி அந்த வரியை நாம்தான் எழுத வேண்டும். யார் செய்தது, எங்கே, என்றைக்கு.

உங்க வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இப்படி நோட்டீஸ் ஏதாவது இருந்தால், எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. நீங்களே ஒரு படம் எடுத்து வையுங்கள். தாளின் நாலு மூலையும் தெரிய வேண்டும். தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. மேலே சொன்ன பச்சை நோட்டீஸ், பறையடிக்கிறவர் படம் போட்டது, இதை வாசிக்கிற யாராவது அன்றைக்குத் தேரடி வீதியில் நின்று அந்த நாடகத்தைப் பார்த்திருந்தால், என்ன வருஷம் என்று சொல்லுங்கள். மாசம் மறந்திருந்தாலும் பரவாயில்லை. மழை பெய்ததா, தீபத்துக்கு முன்னாலா பின்னாலா, அது தெரிந்தால்கூடப் போதும்.